சொன்னது சொன்னபடி

அவர் எங்கள் கடைக்கு முதன்முதலாக வந்த அன்று அவருக்கு நான் ஒரு உதவி செய்தேன். கேட்காமலே செய்த உதவி. அதற்காகவே நல்ல ஏச்சு வாங்கினேன்.

நுரைச்சோலையிலிருந்து கற்பிட்டிக்குப் போகும் ரோட்டில் எனக்கும் என் கணவருக்கும் ஒரு சின்னக் கடை. போட்டோக்கொப்பி எடுப்போம், டைப் செய்து கொடுப்போம், ஃபோனுக்கு ரீலோட் போடுவோம். கடைக்கு நாலு கட்டடம் தள்ளி உப தபால் கந்தோர். அதில் வேலை செய்த அவரை ஊரெல்லாம் ‘போஸ்ட் மிஸ்’ என்றுதான் கூப்பிடும். ஐம்பது வயதிருக்கும். கலியாணம் முடிக்கவில்லை. தம்பியின் குடும்பத்தோடு இருந்தார்.

அன்று ஒரு பொலித்தீன் பையிலிருந்து ஒரு கட்டுத் தாளை எடுத்து மேசையில் வைத்தார். பார்த்தால் எல்லாம் தந்திப் படிவங்கள். தந்தி நின்றுபோன பிறகு கந்தோரில் மீந்து கிடந்தவை. பின்பக்கங்களில் நெருக்கமாகப் பென்சிலால் எழுதியிருந்தது.

“இத டைப் பண்ணிப் பத்திரிகைக்கு ஈமெயில்ல அனுப்பணும் தங்கச்சி. இனிக் கையெழுத்துல எடுக்க மாட்டாங்களாம்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “ஆருக்கும் செல்லப்படாது” என்றார்.

கடைசித் தாளின் அடியில் ஒரு ஆண்பிள்ளையின் பெயர் இருந்தது. எங்களுக்கெல்லாம் நன்றாகத் தெரிந்த பெயர். ஞாயிறு பத்திரிகையில் அந்தப் பெயரில் எங்கள் கரையைப் பற்றிக் கதைகள் வரும். வாடியில் மீன் காய வைக்கும் பெண்கள், உப்பு வாய்க்காலில் நிற்பவர்கள், அனல்மின் நிலையத்தில் வேலை கேட்டு அலையும் பெடியன்கள், எல்லோரும் அதில் தங்கள் வாயாலேயே கதைப்பார்கள். தேத்தண்ணிக் கடையில் ஒருவர் சத்தமாக வாசிக்க, மற்றவர்கள் ‘இது இன்னார்தான்’ என்று சிரிப்பார்கள். எழுதுகிறவர் யார் என்று மட்டும் யாருக்கும் தெரியாது. மீன்பிடித் திணைக்களத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் மேல்தான் ஊருக்குச் சந்தேகம். முதலில் அவர் இல்லையென்று மறுத்தார். பிறகு மறுப்பதை விட்டுவிட்டார். அதன் பிறகு சட்டைப் பையில் இரண்டு பேனை குத்திக்கொண்டு திரிந்தார்.

நான் டைப் செய்தேன். கதையில் பேச்சு முழுவதும் பிழையாக இருந்தது. படித்த மனுசி அவசரத்தில் எழுதிவிட்டார் என்று நினைத்து, எல்லாவற்றையும் திருத்தி, அழகாக அடித்துக் கொடுத்தேன். அவர் நின்றபடியே வாசித்தார்.

“இந்தப் பொம்பள ஆரு?” என்று கேட்டார்.

“நீங்க எழுதின பொம்பளதான் மிஸ்.”

“நான் எழுதினவ ‘செல்லாத புள்ள’ எண்டு செல்றவ. இவ ‘சொல்லாதே மகளே’ எண்டு செல்றா. இவ ரேடியோவுல செய்தி வாசிக்கிறவ.”

“பிழையா இருந்திச்சு மிஸ். அதான் திருத்தினன்.”

“பிழைதான். ஆனா அது அவட பிழை. என்டதும் இல்ல, உங்கடதும் இல்ல. நாம தொடப்படாது.”

திரும்ப முதலிலிருந்து அடித்தேன். அதன் பிறகு மூன்று வருடம் அவருடைய கதைகளை நான்தான் அடித்தேன். ஒரு எழுத்தையும் தொடவில்லை, ஒரே ஒரு கதையைத் தவிர.

ஊர்ச் சனத்துக்கு அவரைப் பற்றி ஒரு முடிவான எண்ணம் இருந்தது: போஸ்ட் மிஸ்ஸுக்குக் காது கேட்காது. கந்தோர்க் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று யார் எதைச் சொன்னாலும், வலது காதைத் திருப்பி, “இன்னொருக்கா செல்லுங்க” என்பார். பாவம் என்று சனம் நிறுத்தி நிதானமாக, சத்தமாகத் திரும்பச் சொல்லும். முத்திரை வாங்க வந்தவள் மருமகளைத் திட்டினாலும் இரண்டு தரம் திட்டுவாள். கண்டக்குழியிலிருந்து ஒரு மனுசி பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை ஒரு சின்னப் போத்தலில் கொண்டுவந்து கொடுத்து, தினம் இரண்டு சொட்டுக் காதில் விடச் சொன்னார். மிஸ் அதை மரியாதையாக வாங்கி வைத்துக்கொண்டார்.

அவருக்குக் காது அருமையாகக் கேட்கும். என் கடையில் நாங்கள் இரண்டு பேரும் உள் அறையில் குசுகுசுத்தால், வெளியில் நின்று பதில் சொல்லுவார். திரும்பக் கேட்பது வேறு காரணத்துக்காக. முதல் தரம் அர்த்தத்துக்கு, இரண்டாம் தரம் சொல்லுக்கு என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்.

தலவில அன்னம்மாள் கோயில் திருவிழாக் காலத்தில் ஒரு நாள் நடந்ததை என் கண்ணால் பார்த்தேன். சிலாபம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பஸ் டயர் மாற்றுவதற்காக எங்கள் சந்தியில் நின்றது. அதிலிருந்து இறங்கிய ஒரு மனுசி முத்திரை வாங்கப் போனார். கொஞ்ச நேரத்தில் பஸ் புறப்பட்டது. கந்தோரைத் திறந்து போட்டபடியே மிஸ் வெளியே ஓடி வந்தார். முந்தானை பறக்க, கையில் பென்சிலோடு, பஸ்ஸுக்குப் பின்னால் ஓடி அதன் பக்கவாட்டுத் தகரத்தில் தட்டினார். டிரைவர் பயந்துபோய் நிறுத்தினார்.

“என்ன மிஸ், மிச்சக் காசு தரல்லயா?” என்று அந்த மனுசி ஜன்னலால் தலையை நீட்டினார்.

“இல்ல இல்ல. நீங்க கடைசியாச் சொன்னது... தந்துருவா எண்டீங்களா, தந்து தொலைச்சிருவா எண்டீங்களா?”

மனுசி ஒரு கணம் முழித்துவிட்டு வாயைப் பொத்திச் சிரித்தார். “தந்து தொலைச்சிருவா எண்டன் மிஸ்!”

பஸ் போன பிறகு மூச்சு வாங்க என் கடை வாசலில் வந்து உட்கார்ந்து சொன்னார். அந்த மனுசியின் புருஷன் எங்கேயோ ஓடிவிட்டான். முத்திரை வாங்கும்போது அவர் சொன்னாராம்: “அன்னம்மாத் தாயார்கிட்ட எல்லாம் கேட்டன் மிஸ். மனுசன மட்டும் கேக்கேல்ல. கேட்டாத் தந்து தொலைச்சிருவா.”

“தந்துருவா எண்டு எழுதினா அது வெறும் பகிடி தங்கச்சி. தொலைச்சிருவா எண்டாத்தான் அவ.” அந்த ஒரு சொல்லுக்காக அரசாங்கக் கந்தோரைத் திறந்து போட்டுவிட்டு ஓடிய மனுசி அவர்.

இனி நான் மாற்றிய அந்தக் கதைக்கு வருகிறேன். அதற்கு என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

நான் மன்னார்ப் பிள்ளை. தொண்ணூறில் வடக்கு முஸ்லிம்களான எங்கள் சனத்தை ஆயுத இயக்கம் ஊரை விட்டுப் போகச் சொன்னபோது எனக்கு நாலு வயது. வள்ளத்தில் கற்பிட்டிக் கரைக்கு வந்து இறங்கி, வருடக்கணக்காக ஓலைக் கொட்டிலில் முகாமில் இருந்து, பிறகு சின்னதாகக் கல்வீடு கட்டினோம். வாப்பா அந்த வீட்டில்தான் மௌத்தானார். உம்மா தம்பியோடு அங்கேயே இருக்கிறார். நாங்கள் வெளிக்கிட்ட நாள் எனக்கு ஞாபகமே இல்லை. உம்மாவிடம் கேட்டால், “வந்தம், இருக்கம்” என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுவார்.

ஒரு வெள்ளிக்கிழமை மிஸ் புதுக் கட்டு ஒன்று கொண்டுவந்தார். அவருக்குக் காய்ச்சல். “நான் வந்து பாக்க ஏலாது. அடிச்சாப் பொறகு நீங்களே அனுப்பிருங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். இது பழைய கதை. எங்கள் முகாமுக்குப் பக்கத்தில் இருந்த தபால் கந்தோரில் அவர் முன்பு வேலை செய்த காலத்தில் வரிசையில் நின்ற ஒரு பெண் சொன்னது, அப்போதே குறித்து வைத்ததை இப்போதுதான் எழுதியிருக்கிறார் என்று மட்டும் சொன்னார்.

அடிக்கத் தொடங்கினேன். ஊரை விட்டுப் போகச் சொன்ன நாளில், புருஷன் கடலில் இருக்கும்போது, ஒரு பெண் தனியாக வீட்டில் நிற்கிறாள். தெருவெல்லாம் ஓட்டமும் கூப்பாடும். அவளிடம் இருந்த ஒரே சொத்து கையால் சுற்றும் தையல் மெசின். அதன் மரமூடியில் அவளுடைய புருஷன் கத்தியால் ஒரு மீன் செதுக்கியிருக்கிறான். வால் இரண்டு பக்கமும் சமமில்லாத மீன்.

அந்த மீனை எனக்குத் தெரியும். சின்ன வயதில் அந்த வாலில் விரல் வைத்துத்தான் நான் விளையாடியிருக்கிறேன். அந்த மெசின் இன்றைக்கும் உம்மாவின் அறையில் இருக்கிறது.

கை நின்றுவிட்டது. அடிக்காமல் வாசித்துக்கொண்டே போனேன்.

“ரெண்டு கையாலயும் மெசினத் தூக்கித் தலையில வெச்சன் மிஸ். என்ன செய்றன் எண்டே தெரியா. கடக்கரைக்குப் போய் எறக்கி வெச்சாப் பொறகுதான் பாத்தன். புள்ள இல்ல. புள்ளய விட்டுட்டு மெசினத் தூக்கிட்டு வந்திருக்கன்.”

அதன் பிறகு ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கி வந்ததாக ஒரே ஒரு வரி. கதை முடிந்துவிட்டது.

வெயில் நேரம். கடையில் யாரும் இல்லை. என் கணவர் சாப்பிடப் போயிருந்தார். அந்தத் தாள் மேல் கையை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் இருந்தேனோ தெரியாது. உம்மா மேல் கோபம் வரவில்லை. தேத்தண்ணிக் கடையில் ஒருவன் இதைச் சத்தமாக வாசிப்பான், மற்றவர்கள் ‘இது இன்னார்தான்’ என்பார்கள் என்பது மட்டுமே தலைக்குள் ஓடியது. கதையிலிருந்து மீனை எடுத்தேன். மூடியை எடுத்தேன். கடைசியில் இப்படி அடித்தேன்: “மெசின விட்டுட்டு, ரெண்டு கையாலயும் புள்ளயத் தூக்கிட்டு ஓடினன் மிஸ்.” அனுப்பிவிட்டேன்.

அந்த ஞாயிறு கதை வந்தது. செவ்வாய்க்கிழமை ஆசிரியரிடமிருந்து ஈமெயில். ‘அன்பின் ஐயா’ என்று தொடங்கி, இதுவரை நீங்கள் எழுதியதில் இதுதான் சிறந்தது, வாசித்துவிட்டு நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள், அந்தத் தாயை மறக்க முடியவில்லை என்றிருந்தது. நான் அதைப் பிரின்ட் எடுத்து வைத்திருந்தேன். மிஸ் காய்ச்சல் விட்டு, கையில் பத்திரிகையோடு வந்தார். ஈமெயிலை வாசித்தார். மடித்து என் பக்கம் தள்ளினார்.

“இது எனக்கு வந்த கடிதம் இல்ல. உங்களுக்கு வந்தது.”

நான் பிரின்டரின் பக்கம் திரும்பித் தாளை அடுக்கினேன்.

“ஏன் மாத்தினீங்க?”

“அந்த மெசின் எங்கட வீட்டுல இருக்கு மிஸ்.”

அவர் கதிரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். “அப்ப அந்தப் புள்ள...” என்றார்.

“ஓம். நான்தான்.”

“எனக்குத் தெரியாது தங்கச்சி. தெரிஞ்சிருந்தா உங்கட கையில டைப் பண்ணத் தந்திருக்க மாட்டேன்.”

“எழுதியிருக்க மாட்டன் எண்டு சொல்றீங்க இல்லயே.”

அவர் பொய் சொல்லியிருக்கலாம். நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன்.

“இல்ல” என்றார். “எழுதியிருப்பேன்.”

“அவ உங்கள நம்பிச் சொன்னவ. எழுதவா எண்டு கேட்டீங்களா?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “கேக்கல்ல. ஆரிட்டயும் கேட்டதில்ல. சொல்லுத்தான் எனக்குப் பெரிசா இருந்திச்சு. கேட்டிருக்கணும்.”

“இனி வேற இடத்துல அடிச்சுக்கங்க மிஸ்” என்றேன். தன் தந்திப் படிவங்களை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

அதன் பிறகு இரண்டு மாதமாகப் பத்திரிகையில் அவருடைய கதை வரவில்லை. தேத்தண்ணிக் கடையில் மீன்பிடித் திணைக்கள ஐயாவிடம், “என்ன, சுகமில்லயா?” என்று விசாரித்தார்களாம். அவர் இருமிக் காட்டினாராம். கேட்டு என் கணவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒரு நாள் உம்மாவைப் பார்க்கப் போயிருந்தேன். கட்டிலுக்குக் கீழிருந்து ஒரு பத்திரிகைத் துண்டை எடுத்தார். பக்கத்து வீட்டுப் பிள்ளை கொடுத்ததாம்.

“எங்கட ஊர்க் கதையாம். எனக்கு எழுத்துத் தெரியுதில்ல. வாசிச்சுக் காட்டு மகள்.”

வாசித்தேன். நான் மாற்றிய வரி வந்தபோது என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. உம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் துண்டை என்னிடமிருந்து வாங்கி மடித்தார்.

“அவ நல்ல உம்மா” என்றார். “மெசின விட்டுட்டுப் புள்ளயத் தூக்கியிருக்கா. ஆரோ தெரியா. அண்டைக்கு மெசின் வெச்சிருந்த பொம்பளயள் எங்கட ஊர்ல கன பேர்.”

எழும்பி முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனார். வழக்கத்தைவிட நேரமெடுத்தது.

உம்மாவைக் காப்பாற்றத்தான் நான் அதை மாற்றினேன். ஆனால் முகம் தெரியாத ஒரு நல்ல உம்மாவைக் கொண்டுவந்து அவர் முன்னால் நிறுத்தி, நீ இவளைப் போல இல்லை என்று சொல்லிவிட்டேன். அதுவும் என் வாயாலேயே வாசித்து.

அடுத்த நாள் காலையில் தபால் கந்தோருக்குப் போனேன். வரிசையில் நின்று, என் முறை வந்ததும் கம்பி வழியாக நடந்ததைச் சொன்னேன். அவர் திரும்பச் சொல்லச் சொல்லவில்லை. மேசை இழுப்பறையைத் திறந்து அந்தத் தந்திப் படிவங்களை எடுத்தார்.

“இதுதான் இருக்கிறது, வேற கொப்பி இல்ல. உங்கட உம்மாக்கு வாசிச்சுக் காட்டுங்க. நான் எழுதினதெண்டும் செல்லுங்க. அவ வேணாம் எண்டா அங்கயே அடுப்புல போடுங்க. வந்து எனக்குச் செல்லவும் தேவல்ல.”

“நீங்களும் வாங்க மிஸ்.”

“நான் வந்தா அவ எனக்காக ஓம் எண்டுருவா.”

அன்று பின்னேரம் உம்மாவின் முன்னால் பாயில் இருந்து அந்தப் பென்சில் எழுத்தை அப்படியே வாசித்தேன். மீன் வந்ததும் உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். கடைசி வரை விடவில்லை.

“அந்தத் தபால் கந்தோர் புள்ளயா? காது கேக்காத புள்ள?” என்றார். “ரெண்டு தரம் சொல்ல வெச்சா என்னய. மொதல் தரம் அழுதுட்டுச் சொன்னன். ரெண்டாம் தரம் அழுகை வரல்ல. அதுக்குப் பொறகுதான் எனக்கு நித்திரை வந்திச்சு.” தாளைத் தொட்டுப் பார்த்தார். “சரியா எழுதியிருக்கா. நான் சொன்னதுதான். போடச் சொல்லு.”

மறு வருடம் மிஸ் தன்னுடைய கதைகளை ஒரு புத்தகமாகப் போட்டார். முழுவதையும் நான்தான் அடித்தேன். உம்மாவின் கதை சொன்னபடியே இருந்தது. ஒவ்வொரு கதைக்கும் உரியவர்களைத் தேடிப் போய் வாசித்துக் காட்டி, சரி என்றவர்களுடையதை மட்டுமே சேர்த்தார். இருபத்தாறில் பதினொன்று வேண்டாமென்று போனது. அந்தப் பதினொன்றும் நல்ல கதைகள். ஒன்றைக்கூட அவர் வைத்துக்கொள்ளவில்லை. அட்டையில் முதல்முறையாகத் தன் சொந்தப் பெயரைப் போட்டார். ஊர் ஆச்சரியப்பட்டு, கொஞ்சம் கோபப்பட்டு, பிறகு பழகிவிட்டது. மீன்பிடித் திணைக்கள ஐயா மட்டும் ஒரு மாதம் தேத்தண்ணிக் கடைக்கு வரவில்லை. மிஸ்ஸே அவர் வீட்டுக்குப் போய் ஒரு பிரதி கொடுத்துவிட்டு வந்தார்.

ஓய்வுக்குப் பிறகு மிஸ் புத்தளம் டவுனுக்குப் போனார். போன வருடம் மௌத்தானார் என்று கேள்விப்பட்டேன். மையத்து வீட்டுக்குப் போக முடியவில்லை. அவர் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதலாமா என்று கேட்க அவர் இல்லை.

ஒன்று மட்டும் அவருக்குச் சொல்லாமல் விட்டேன். அந்தத் தாள்களைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது, “உம்மா வேற ஏதாச்சும் சென்னாவா?” என்று கேட்டார். “இல்ல மிஸ்” என்றேன். பொய். அப்போது அதை யாருக்கும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இப்போது உம்மாவிடம் கேட்டுவிட்டேன். எழுது என்கிறார்.

அன்று பாயில் இருந்தபடி உம்மா சொன்னது இதுதான்:

“ஒண்ட மட்டும் நான் அந்தப் புள்ளக்கிச் சொல்லல்ல. அது உனக்குத்தான் எண்டு வெச்சிருந்தன். நீ கேப்ப எண்டு பாத்தன், நீ கேக்கவே இல்ல. காலையில முத்தத்துல கருவாடு காயப் போட்டுட்டு, உன்ட கையில ஒரு கம்பத் தந்து, ‘காகம் வராமப் பாத்துக்க, உம்மா வாறன்’ எண்டு சொல்லிட்டுத்தான் உள்ள போன நான். அதுக்குள்ளதான் போகச் சொல்லிட்டாங்க. பின்கதவால மெசினோட ஓடிட்டன். திரும்பி ஓடி வாறன், தெருவுல ஒரு சனம் இல்ல. எல்லா வீடும் தொறந்து கெடக்கு. நீ கம்ப வெச்சிட்டு முத்தத்துல நிக்கிற. வேர்த்து ஊத்துது. காகத்த வெரட்டிட்டு நிக்கிற. என்னக் கண்டதும் சிரிச்ச. ‘ஒண்டும் தின்னல்ல உம்மா’ எண்ட.”